மூணு விடு, ரெண்டு போடு

ஆஸ்பத்திரியில் கை விழுந்தவர்கள் காத்திருக்கும் நீளமான பெஞ்சில் போன மாதம் மறுபடியும் போய் உட்கார்ந்திருந்தேன். சும்மா பரிசோதனைக்குத்தான். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்கு எப்டிங்க சரியாச்சி?" என்று கேட்டார். புதியவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. "மருந்துதாங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரைக்கும் மனசு உறுத்தியது. மருந்து மட்டும் இல்லையே. வாயால் சொல்லாமல் விட்டதை எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அது நடந்தபோது ஆரணியில் எங்கள் தெருவில் செல்போன் மூன்று வீட்டில்தான் இருந்தது. எனக்கு அறுபத்து நாலு வயசு. எங்கள் வீட்டுக்காரர் கிராப் போடுகிறவர். பட்டுப் புடவையின் பார்டரில் வரும் டிசைனை முதலில் கட்டம் போட்ட தாளில் போட வேண்டும். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள், அந்த அட்டையைத் தறிக்கு மேலே மாட்டுவார்கள். தாளில் போடுகிற அந்த வேலைதான் அவருக்கு. மகன் பவர்லூமில் ஷிப்டு போகிறவன், வீட்டில் அவனைப் பார்ப்பதே அபூர்வம். முன்னறையில் எங்கள் வீட்டுக்காரர் தாளோடு உட்கார்ந்திருப்பார், உள்ளே மருமகள் மல்லிகாவும் நானும்.

அன்றைக்குக் காலையில் காபித் தண்ணியை அடுப்பில் வைத்துவிட்டு, துணியை ஊறப்போட்டுவிட்டு, நடுவில் முருங்கைக் கீரை ஆய உட்கார்ந்தேன். என் வேலை எப்போதும் அப்படித்தான். ஒன்றைத் தொட்டால் அது முடிவதற்குள் இன்னொன்று. என் பெயர் பவுனம்மாள். மாமியார் இருந்தவரை என்னை அரைப்பவுனு என்றுதான் கூப்பிட்டார், எதையும் முழுசாக முடிக்காததால். கீரைக் காம்பு கையிலிருந்து நழுவியது. எடுக்கப் போனேன், கை வரவில்லை. கண்ணுக்கு எதிரில் மடியில் கிடக்கிறது, ஆனால் நான் சொல்வதைக் கேட்கவில்லை. அடுப்பில் தண்ணி பொங்கி வழிந்து தீ அணைந்தது.

"இன்னா பவுனு, பாதியில வுட்டுட்டு எங்க போயிட்ட?" என்று அவர் முன்னறையிலிருந்து கத்தினார்.

பதில் சொன்னேன். துணியை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஏதோ சத்தம் வந்தது. திட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கம் கோணிப்போன என் வாயைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "நீ எப்பவும் போல எழுந்து எங்கயோ போயிட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன். அதுல அஞ்சு நிமிஷம் போச்சி" என்று பின்னாலும் பலமுறை சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

ஆரணியில் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் வேலூர்ப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தலைக்குள்ளே படம் எடுக்கிற மிஷின் பெரிய வளையம் மாதிரி இருக்கிறது. நம்மைப் பலகையில் படுக்கவைத்து வளையத்துக்குள் தள்ளுவார்கள். வலியே கிடையாது, யாரும் பயப்பட வேண்டாம். ஆடாமல் படுக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது வலியைவிடக் கஷ்டம். மூன்று தடவை எடுத்தார்கள்.

படத்தைப் பார்த்த டாக்டர் மல்லிகாவுக்குப் புரியும்படி சொன்னார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாயில் அடைப்பு. மூளையின் இடது பக்கம் அடைத்தால் உடம்பின் வலது பக்கம் விழும். பக்கவாதம் என்பது இதுதான். வந்தது லேசானதுதான். பேச்சு மூன்றாம் நாள் திரும்பியது. கால் பத்து நாளில் என்னைத் தாங்கியது. கை மட்டும் இலையில் வைத்த வாழைக்காய் மாதிரி அப்படியே கிடந்தது.

"கை கடைசியாத்தான் வரும். முதல் மூணு மாசத்துலதான் நிறைய வரும், அப்புறம் மெதுவாயிடும். இப்பவே பயிற்சியில உட்காரணும்" என்றார் டாக்டர்.

கை வராவிட்டால் எப்படிச் சோறு சாப்பிடுவது என்று வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். எனக்கு அது கவலையே இல்லை. இடது கையில் ஸ்பூனைப் பிடித்தால் ஆயிற்று. என் கவலை புடவை.

ஆஸ்பத்திரியில் எனக்கு நைட்டி மாட்டிவிட்டார்கள். பூப்போட்ட மஞ்சள் நைட்டி. பதினைந்து வயசிலிருந்து என் புடவையை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. பெற்ற பிள்ளை எதிரில்கூட நான் தலைப்பைச் சரிசெய்ய மாட்டேன், உள்ளே போய்விடுவேன். இனிமேல் சாகும்வரை இன்னொருத்தர் எனக்குப் புடவை கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நைட்டியோடு எங்கள் தெருவில் நடக்க வேண்டும். எது மேல் என்று யோசித்தால் எனக்கு மூச்சே முட்டியது.

மல்லிகா அதைப் புரிந்துகொண்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. டாக்டர்கள் சுற்றி வருவதற்கு முன்னால் திரையை இழுத்துவிட்டு, "நான் கண்ண மூடிகினு கட்டிவுடறேன் அத்தே, வெக்கப்படாதீங்க" என்பாள். நிஜமாகவே கண்ணை மூடிக்கொள்வாள். அதனால் கொசுவம் ஒரு நாள் இடுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும், ஒரு நாள் கால் தடுக்கும். நர்ஸம்மா பார்த்துச் சிரிப்பார். எனக்கு அந்தக் கோணல் புடவை போதுமானதாக இருந்தது.

கைப்பயிற்சி கொடுக்கிற பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. முதல் நாள், "கை வந்தா முதல்ல என்ன செய்யணும்மா உங்களுக்கு?" என்று கேட்டாள். பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன், "நானே பொடவ கட்டிக்கணும்." அவள் சிரிக்கவில்லை. என் பைலில் முதல் வரியாக அதை எழுதினாள்.

கொசுவம் மடிப்பதில் எத்தனை வேலை இருக்கிறது என்று அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. நாலு விரல் விரிய வேண்டும், கட்டைவிரல் ஒவ்வொரு மடிப்பையும் அழுத்திப் பிடிக்க வேண்டும், பிடித்தது நழுவாமல் அடுத்த மடிப்பு வர வேண்டும். அந்த விரல்களைப் பழக்க பென்சிலைக் கொடுத்தாள். பிடிக்க வசதியாகத் துணி சுற்றிய தடி பென்சில். ஒரு பக்கம் நிற்கிற கோடு, ஒரு பக்கம் படுக்கிற கோடு, ஒரு பக்கம் வட்டம். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம்.

"இந்த வயசுல எய்தப் பழகவா வந்தேன்?" என்றேன்.

"மூளையில ஒரு ரோடு அடைஞ்சிடுச்சிம்மா. பக்கத்துல புது ரோடு போடணும். செஞ்சதையே திரும்பத் திரும்ப செஞ்சாதான் அந்த ரோடு விழும். வேற வழி இல்ல."

செஞ்சதையே திரும்பத் திரும்ப. என்னால் முடியாத காரியம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஏழாவது கோட்டில் மின்விசிறியின் சத்தம் மாறியது காதில் விழும். எட்டாவது கோட்டில் நர்ஸம்மாவின் ஒரு செருப்புக்கு மட்டும் புது வார் போட்டிருப்பது கண்ணில் படும். பத்தாவது கோட்டில், அன்றைக்கு ஊறப்போட்ட துணியை யார் அலசினார்கள் என்று யோசனை வரும். அப்புறம் மல்லிகாவைக் கூப்பிட்டு அதைக் கேட்பேன். பென்சில் கையில் இருக்கும், தாள் காலியாக இருக்கும், அரைமணி போயிருக்கும். வேண்டும் என்று செய்யவில்லை. கை வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லையா? அழுதுகொண்டே உட்கார்ந்தாலும் பத்தாவது கோட்டுக்கு மேல் போகாது.

அடுத்த கட்டிலில் கன்னியம்மா. போளூர்ச் சந்தையில் கத்திரிக்காய் விற்கிறவள், என்னைவிட நாலு வயசு சின்னவள். அவளுக்கு இடது பக்கம். அவளுக்குக் கொடுத்த பயிற்சி ரப்பர் பந்தை அமுக்குவது. ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை அமுக்குவாள், சத்தமாக எண்ணிக்கொண்டே. என் தாளை எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, மழ வர்ற மாதிரி வந்து வராம போய்கினே கீது உன் கோடு" என்பாள். வார்டு முழுக்கக் கேட்கும் குரல். எனக்குப் போர்வைக்குள் போய்விடலாம் போல இருக்கும்.

இப்படியே ஒன்பது நாள். ஒரு நாள் ஒரு சின்ன டாக்டர் வந்தார். மூன்று பொருள் பெயர் சொல்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம் கடிகாரம் வரையச் சொன்னார். இடது கையால் வட்டம் போட்டு ஏழு வரைக்கும் எழுதினேன். அதற்குள் ஜன்னலில் காக்கா ஒன்று வந்து யாரோ வைத்த இட்லியைத் தூக்கியது. எட்டு எழுதவே இல்லை. மூன்று பொருளில் ஒன்றுதான் ஞாபகம் வந்தது. அவர் எழுதிக்கொண்டு வெளியே போய் மல்லிகாவிடம், "மறதி நோய் ஆரம்பமா இருக்கலாம், பார்க்கணும். அப்படி இருந்தா பயிற்சி பெருசா பலன் தராது" என்றார். கதவு மூடவில்லை. எனக்குக் கேட்டது.

அதுவரைக்கும் எனக்குப் பெரிய பயம் என்று எதுவும் இல்லை. அன்றைக்குத்தான் பயந்தேன். மல்லிகா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "ஒண்ணும் இல்ல அத்தே, மனநல டாக்டர பாக்கச் சொன்னாங்க" என்றாள். கழுவிய முகத்திலும் கண் சிவந்திருந்தது.

அன்றைக்கு ஆரணியிலிருந்து எங்கள் வீட்டுக்காரரும் வந்திருந்தார். மனநல டாக்டர் வயசான அம்மா. அவசரமே படாமல் கேட்டார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டதும் எங்கள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"இது புதுசு இல்லீங்க டாக்டரம்மா. பொண்ணு பாக்கப் போனப்பவே இப்படித்தான். காபித் தட்ட எடுத்துகினு வந்தவ, பாதி தூரத்துல அப்படியே திரும்பிப் போயிட்டா."

"ஏம்மா?"

"பின்னாடி பூனைக்குட்டி ஒண்ணு கத்திச்சிங்க" என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் என் சின்ன வயசை முழுக்கக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கைப் பாதி போட்டுவிட்டு ஓணானைப் பார்த்ததையும், வாத்தியார் என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தபோது சுவரில் எறும்பு எண்ணியதையும் சொன்னேன். பாவு பிணைக்க என்னை ஒரே ஒரு தடவை உட்காரவைத்ததைச் சொன்னேன். தறியில் பழைய பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல், முடிந்தால் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கில் இருக்கும். எங்கள் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டே செய்துவிடுவார்கள். நான் நூறு இழை தாண்டுவதற்குள் எழுந்துபோய்க் கோழியைத் துரத்தினேன். திரும்பி வந்து உட்கார்ந்தது வேறு இடத்தில். ஒரு நாள் வேலை வீணானது. அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மாவிடம் எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

மறுநாள் மறுபடி கூப்பிட்டுச் சில சோதனை செய்துவிட்டு அவர் சொன்னார். "மறதி நோய் இல்லம்மா. உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு. சின்னப் பசங்களுக்குத்தான் வரும்னு நெனைக்கிறாங்க. அப்படி இல்ல, பொறந்ததுலேர்ந்து கூடவே வர்றது, வயசானாலும் சிலருக்குப் போகாது. உங்ககிட்ட கவனம் இல்லாம இல்ல, நிறையவே இருக்கு. ஆனா நீங்க நிக்கச் சொன்ன எடத்துல அது நிக்காது. புதுசா ஏதாவது கண்டா அங்க ஓடிடும். நீங்க சொன்ன அந்தக் காக்கா எப்படி இருந்துச்சி?"

"இடது கால்ல காயங்க, நொண்டிகினு இருந்துச்சி."

"பார்த்தீங்களா?"

இதற்கு மாத்திரை இருக்கிறதாம். ஆனால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பக்கவாதம் வந்த எனக்கு இப்போது வேண்டாம் என்றார். பயிற்சியைத்தான் எனக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டுமாம்.

நான் எழுந்திருக்கவில்லை. "அப்ப நான் சோம்பேறி இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அலட்சியம்?"

"அதுவும் இல்ல."

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் இன்னும் ஒரு பக்கம் கோணல்தான், அந்தக் கோணல் வாயோடு சிரித்தேன். எங்கள் வீட்டுக்காரர் கூடவே நடந்தார். "பேரு வெச்சிட்டாங்க உனக்கு. இனிமே உன்ன திட்றதுன்னா இங்கிலீஷ்ல திட்டணும்" என்றார். கடைக்குப் போய் எனக்கு ஒரு டீ வாங்கிவந்து, வழக்கமில்லாத வழக்கமாக ஆற்றியும் கொடுத்தார்.

பெயர் தெரிந்துவிட்டதால் கோடு தானாக விழுந்துவிடுமா? விழவில்லை. ஸ்டெல்லா அலாரம் கடிகாரம் கொண்டுவந்தாள், பத்து நிமிஷம் மட்டும் போடுங்கள் என்று. பத்து நிமிஷமும் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்த பக்கத்துக்கு ஒட்டிக்கொள்ள நட்சத்திர ஸ்டிக்கர் கொடுத்தாள். முதல் நாள் அஞ்சு நட்சத்திரம் வாங்கினேன். மறுநாள் அதில் ஆசை போய்விட்டது. மிச்சத்தைக் கன்னியம்மா வாங்கிப் பொட்டாக வைத்துக்கொண்டாள், டாக்டர் சுற்றி வரும்போதும் எடுக்கவில்லை.

இனி வருவதுதான் நான் சொல்ல வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா அவசரமாக வந்தாள். அவள் ஊருக்குப் போக பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இரண்டு தாள் கொடுத்தாள். இந்தத் தடவை வெள்ளைத் தாள் இல்லை, கட்டம் போட்ட கிராப் தாள். ஒவ்வொன்றிலும் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பெரிய அலை ஒன்று சிவப்பு மையில் வரைந்திருந்தது. "இது மேல போடுங்கம்மா, திங்கக்கிழமை பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவள் சொன்னது, சிவப்புக் கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டும் என்று. சின்னப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த அ மேலேயே எழுதுவார்களே, அப்படி. வேறு ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் நாற்பத்தெட்டு வருஷமாக அந்தத் தாளுக்கு ஒரே அர்த்தம்தான். கோடு வரைந்திருந்தால் அது அவுட்லைன். கோட்டுக்கு உள்ளே இருக்கிற கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் என்றால் ஓர் இழை. இழை மேலே தூக்கும், இல்லை கீழே இருக்கும். அதனால் கட்டம் முழுசாக நிரம்ப வேண்டும், இல்லை முழுசாகக் காலியாக இருக்க வேண்டும். பாதிக் கட்டம் என்று ஒன்று கிடையாது.

மறுநாள் காலையில் நான் நிரப்ப ஆரம்பித்தேன்.

துணி சுற்றிய பென்சிலால் ஒரு கட்டத்தை நிரப்ப நாலைந்து இழுப்பு ஆனது. பென்சில் கோடு தாண்டியது. ஆனால் ஒரு கட்டம் முடிந்துவிட்டது. அடுத்தது. அதுவும் முடிந்துவிட்டது. அலை வளைகிற இடத்தில் எந்தக் கட்டத்தை விடுவது, எதைப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. விட்டுப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன். மல்லிகா வந்து, "அத்தே, சோறு ஆறுது" என்றாள். மணி ஒன்றரை. பதினொரு மணிக்கு உட்கார்ந்தவள் நான். கன்னியம்மா தன் பந்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்காவுக்கு சாமி வந்துட்ச்சி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது இன்னா, பார்டரா? ஏறும்போது ரெண்டு ரெண்டு கட்டமா ஏறினது எறங்கும்போது மூணு மூணா எறங்குது. பொடவையில போட்டா நொண்டிகினு போகும்."

"பாதி உசுரு கையில கீது. அதுக்கு இது பத்தாதா?"

"கை போனா இன்னா, கண்ணு கீதில்ல. எண்ணிப் போடு."

கட்டிலில் தாளை வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். நர்ஸம்மா வந்து பார்வையாளர் நேரம் முடிந்தது என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை ஸ்டெல்லா தாளைப் பார்த்தாள். நிரப்பிய கட்டங்களுக்கு நடுவில் தன் சிவப்புக் கோட்டை விரலால் தேடினாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் மல்லிகாவுக்கும் எனக்கும் புரிந்தது. "தப்பாப் போட்டுட்டனா?" என்றேன். இரண்டு நாள் வேலை. மறுபடியும் நான் சொன்னதைச் செய்யாதவளாகிவிட்டேன். கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக் கட்டைவிரலைத் தன் விரலோடு அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். "வெள்ளிக்கிழமை இது இல்லையே" என்றாள். தாளைத் தூக்கிக்கொண்டு மனநல டாக்டரம்மாவிடம் போனாள். அவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இது என்ன கணக்கு என்று கேட்டார். கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பாதி கிடையாது என்பதையும் சொன்னேன்.

"அதான் விஷயம்" என்றார். "பத்துப் பக்கம்னா உங்களுக்கு முடிவே தெரியல. இங்க ஒவ்வொரு கட்டமும் முடியுது. முடிச்ச சந்தோஷம் உடனே கெடைக்குது. அடுத்தது எதுன்னு பாக்கற ஆசையும் இருக்கு. இனிமே இவங்களுக்குக் கோடு வேண்டாம்."

அன்றிலிருந்து என் பயிற்சியை எங்கள் வீட்டுக்காரர் போட்டார். அதிலும் ஒரு தந்திரம் செய்தார். அட்டை குத்தும் இடத்தில் ஒருவர் கிராப்பைப் பார்த்து வரிவரியாகச் சத்தமாகப் படிப்பார், மற்றவர் குத்துவார். குத்துகிறவருக்கு அது மயிலா மாங்காயா என்று தெரியாது. அதே மாதிரி அவர் வீட்டில் ஏதோ படம் போட்டு, படத்தை அங்கேயே வைத்துவிட்டு, வரிக் கணக்கை மட்டும் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார். மூன்று நாளைக்கு ஒரு தடவை வருவார், நாளைக்கு ஒன்றாக மூன்று சீட்டு. என்ன படம் என்று சொல்ல மாட்டார். கட்டம் போட்டு முடித்தால்தான் தெரியும்.

சீட்டைப் படிக்கும் வேலையைக் கன்னியம்மா பிடுங்கிக்கொண்டாள். சந்தையில் கூவிய குரல். "மூணு வுடு, ரெண்டு போடு. ஏழு வுடு, ஒண்ணு போடு. போட்டியாக்கா? ஜல்தியா போடு, என் பந்து காத்துகினு கீது." ஒரு வரிக்குப் பத்து தடவை பந்தை அமுக்குவாள், அடுத்த வரி படிப்பாள். நாலாம் வரி தாண்டினால் வார்டில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் எங்கள் கட்டிலுக்கு வந்துவிடுவார்கள். குடம் என்பார் ஒருவர், பிள்ளையார் என்பார் இன்னொருவர். ஒரு வாழைப்பழம் பந்தயம். அத்தனை பேர் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன், எனக்கு வெட்கம் வரவில்லை. வெட்கப்படக் கவனம் மிச்சம் இல்லை.

முதல் படம் கத்திரிக்காயாக வந்தது. "யோவ், இது என் கடைக் காய்தான்யா, காம்பப் பாரு" என்று கன்னியம்மா தாளைப் பிடுங்கித் தன் தலைமாட்டில் ஒட்டிவிட்டாள். இரண்டாவது, ஒரு வார் மட்டும் புதுசான செருப்பு. நான் சொன்னதை ஞாபகம் வைத்துப் போட்டிருந்தார். நர்ஸம்மா நாலு நாள் எங்களோடு பேசவில்லை. அப்புறம் அவரும் பந்தயத்துக்கு வந்தார்.

இன்னொரு நாள் வரி வரியாகப் போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு முக்கோணம் வந்தது, கோயில் கோபுரம் என்றார்கள். கீழே வட்டம் வந்தது. மீசை வந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. பூனைக்குட்டி. நான் சிரித்த சிரிப்பு ஏன் என்று கன்னியம்மாவுக்குப் புரியவில்லை. எவ்வளவு கேட்டும் நான் சொல்லவில்லை.

எல்லாம் நேராகப் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகும். மூன்றாம் வாரம் கட்டமும் அலுத்தது. சீட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். குற்றவாளி மாதிரி டாக்டரம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். "அலுக்கும்மா. அலுக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். அலுத்தா உங்கள திட்டிக்காதீங்க, வேலைய மாத்துங்க" என்றார். நின்றுகொண்டு ஜன்னல் கட்டையில் வைத்துப் போட்டேன். வண்ணப் பென்சில் வாங்கிவரச் சொன்னேன். ஒரு வரி போட்டுவிட்டு வார்டை ஒரு சுற்று சுற்றிவந்து அடுத்த வரி போட்டேன். அப்படி நடந்ததில் காலும் தேறியது. சில நாள் இரண்டே வரிதான். அந்த இரண்டு வரி முழு வரி.

என்னைப் போல மனசு ஓடுகிறவர்கள் இதைப் படித்தால் இதைத்தான் சொல்வேன். ஓடுகிற மனசைக் கட்டிப்போட முயற்சி செய்யாதீர்கள். அது ஓடுகிற வழியில் வேலையைக் கொண்டுபோய் வையுங்கள். கூட ஒருத்தர் இருந்தால் இன்னும் நல்லது. சத்தமாகப் பேசுகிறவராக இருந்தாலும் பரவாயில்லை.

நாற்பத்தாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கன்னியம்மா எனக்கு முன்பே போய்விட்டாள், தலைமாட்டிலிருந்த கத்திரிக்காயை உரித்துக்கொண்டு. வீட்டில் மல்லிகா கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடுவது நடந்துகொண்டே இருந்தது. பழகிப் பழகி அவளுக்கு இப்போது கொசுவம் நேராகவே வந்தது. நான் காலையில் சீட்டு, சாயங்காலம் சீட்டு. நடுவில் ஈரத் துண்டை மடிக்கும் பயிற்சி. ஒரு மடிப்பு நிற்கும், இரண்டாவது வரும்போது முதலாவது நழுவும். பத்து நாள் கழித்து இரண்டு நின்றது. அப்புறம் மூன்று. மூன்றிலேயே பல நாள் நின்றுவிட்டது. டாக்டர் சொன்ன மூணு மாசம் நெருங்கிக்கொண்டே வந்தது. நான் நாள் எண்ணுவதை எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். காலண்டரைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

மறுபரிசோதனைக்குப் போகும் நாள் காலையில் மல்லிகா புடவையை எடுத்துக்கொண்டு வந்தாள். அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "நீ போ" என்றேன்.

"அத்தே, பஸ்ஸு எட்டேகாலுக்கு."

"போம்மா."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சுற்றிக் கட்டுவது வரைக்கும் இடது கை பார்த்துக்கொண்டது. அப்புறம் வலது கையை விரித்தேன். ஒரு மடிப்பு. பிடித்தேன். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது வந்தபோது எல்லாம் நழுவியது. மறுபடி ஆரம்பித்தேன். தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தது, யார் வீட்டிலோ குக்கர் கூவியது. காதில் விழுந்தது, விழட்டும் என்று விட்டேன். வெளியே மல்லிகா இரண்டு தடவை, "ஆச்சா அத்தே?" என்றாள். அவர் அவளை ஏதோ சொல்லி அதட்டியது கேட்டது. எத்தனாவது தடவை என்று தெரியவில்லை, அஞ்சு மடிப்பு கையில் நின்றது. ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. அப்படியே செருகினேன்.

கதவைத் திறந்தேன். மல்லிகா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கொசுவத்தைச் சரிசெய்யக் கையை நீட்டினாள். பாதியில் அந்தக் கையை இழுத்து, தன் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எட்டேகால் போச்சி. ஒம்பது மணி பஸ்ஸுக்குப் போலாம் வாங்க" என்றாள்.

தெருவில் இறங்கினோம். கடைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்கள். எதிர்வீட்டு அம்மா கோலமாவு டப்பாவோடு உள்ளே போனார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன், என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.